வெளிச்சம் இருந்த பக்கம்

சூசைநாதன் யாரிடம் பேசினாலும் எதிரில் நிற்பவரின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவார். சட்டை போடாதவர் என்றால் கழுத்தெலும்பைப் பார்ப்பார். "தங்கமான மனுசன், எவ்ளோ அடக்கம் பாரு" என்று ஊரில் புகழ்வார்கள். ஒரு மனிதனின் பிடரியில் கை வைத்து, அவன் பாட்டன் காலத்திலிருந்து அமுக்கிக் குனியவைத்துவிட்டு, குனிந்த பிறகு அதற்கு அடக்கம் என்று பெயர் சூட்டி மெச்சிக்கொள்வதில் நம் ஊர்களை மிஞ்ச ஆளில்லை.

பாகூர் கொம்யூன் என்ற உள்ளாட்சி வட்டாரத்தில், ஏரித் தண்ணீரில் நெல் விளையும் ஒரு கிராமம். அங்கே இருந்த சின்ன மருந்தகத்தில் சூசைநாதனுக்குக் கட்டுப் போடும் வேலை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் சேர்ந்தவர். சேரியில் பிறந்த பிள்ளை வெள்ளைக் கால்சட்டை போட்டு, கத்தரிக்கோலும் பஞ்சும் எடுத்துப் புழங்குவது அந்த ஊருக்குப் புதுசு. அதற்குக் காரணம் அவருடைய அக்கா அமிர்தம். அப்பாவும் அம்மாவும் ஒரே காலரா வருசத்தில் போய்விட, அமிர்தம் பண்ணையில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துத் தம்பியைச் சாமியார் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தார். தனக்கென்று ஒரு வாழ்க்கை அமைத்துக்கொள்ள நேரமில்லாமல் போயிற்று. சாமியார் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்கள்; ஞாயிற்றுக்கிழமை பூசையில் சேரிப் பிள்ளைகளுக்குத் தனி வரிசையும் காட்டிக்கொடுத்தார்கள். இரண்டையும் சூசைநாதன் நன்றாகவே கற்றுக்கொண்டார்.

ஐம்பத்து நான்கில் கொடி மாறியது. அந்த ஊர்ப் பண்ணைக்கு உடையவரான பலராமன் முந்திய வாரம் வரை பிரெஞ்சுக் கட்சி. மறுவாரம் கதர் ஜிப்பா. இரண்டு கொடியிலும் மூன்று நிறம் இருந்ததால் அவருக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. கொம்யூன் சபையில் அவர் உட்கார்ந்த நாற்காலியும் மாறவில்லை. சேரி ஆட்கள் அவரைக் கண்டால் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டி, கண்ணைத் தரையில் போட்டு, "ஆண்டே" என்று சொல்லி வழிவிட்டு நிற்பதும் மாறவில்லை. சுதந்திரம் வந்த செய்தி கண்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலும்.

மாறியது மொழிதான். மேலிடத்துக் காகிதமெல்லாம் ஆங்கிலத்தில் வரத் தொடங்கியது. ஆங்கிலம் தெரிந்தால் கம்பவுண்டர் என்று நிரந்தரமாக வைத்துக்கொள்வோம், தெரியாவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். காயத்துக்கும் கட்டிக்கும் காய்ச்சலுக்கும் பிரெஞ்சில் பெயர் தெரிந்து வைத்திருந்த சூசைநாதன், முப்பது வயதுக்கு மேல் மறுபடியும் பிள்ளையானார். கடலூர்ப் பக்கத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த முத்துசாமி வாத்தியார், மாலையில் மருந்தகத்துக்கே வந்து கற்றுக்கொடுத்தார். அவருக்குத் தீராத ஒற்றைத் தலைவலி. மாத்திரைக்குப் பதில் ஆங்கிலம்.

ஐம்பத்தேழு கோடையில் செய்தி வந்தது. ஏதோ ஒரு நற்பணி மன்றம், பட்டணத்திலிருந்து கண் டாக்டரை அழைத்துவந்து பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கண் பார்க்கப்போகிறது. புரை விழுந்தவர்களில் தேறியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுவை செய்வார்கள். டாக்டர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் தெரியாது. அவர் சொல்வதைச் சனங்களுக்கும், சனங்கள் சொல்வதை அவருக்கும் சொல்லும் பொறுப்பு சூசைநாதனுக்கு.

அன்று மாலையே வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணுக்கு என்னென்ன இருக்குதோ எல்லாத்தையும் சொல்லிடுங்க சார்."

"தனிச் சொல்லா படிச்சா ஒதவாது சூசை. இங்கிலீசுல சொல்லுங்க ஜோடி ஜோடியா வரும். எந்தச் சொல்லு எதுகூட சேரும்னு ஒரு வழக்கம் இருக்கு. மாத்திச் சேத்தா அர்த்தம் புரியும், ஆனா சிரிப்பானுங்க."

சூசைநாதன் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பழகினார். நீர் கோத்த கண் என்றால் வாட்டரி ஐஸ். சிவந்து கிடந்தால் பிளட்ஷாட் ஐஸ். குழி விழுந்தது சங்கன் ஐஸ். கூர்மையானது கீன் ஐஸ். ஒளியற்றது டல் ஐஸ். கண்களுக்குப் பிறகு பார்வைகள். அசையாமல் ஒன்றையே பார்ப்பது ஸ்டெடி கேஸ். எதையும் பார்க்காமல் வெறிப்பது பிளாங்க் ஸ்டேர். சட்டென்று ஒரு தடவை பார்த்து எடுப்பது குயிக் கிளான்ஸ். முறைப்பது ஆங்ரி கிளேர்.

"தரையப் பாத்துக்கினு இருக்கறதுக்கு?" என்று கேட்டார் சூசைநாதன்.

"டவுன்காஸ்ட் ஐஸ். தாழ்ந்த கண்ணுங்க."

"அதுக்கு எதிர்ப்பதம்?"

வாத்தியார் நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். "எதிர்ப்பதம்னு சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு இருக்கு. 'லுக் ஹிம் ஸ்ட்ரெய்ட் இன் தி ஐ.' நேருக்கு நேரா அவன் கண்ணப் பாக்கறது. பயமில்லாம நிக்கறவனுக்குச் சொல்லுவாங்க."

"யாரு யார பாக்கறது?"

"இன்னா கேள்வி இது? யாரு வேணாலும் யார வேணாலும்."

சூசைநாதன் துணி சுருட்டுவதை நிறுத்திவிட்டு வாத்தியாரின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தார். "யாரு வேணாலுமா?" என்றார் மெதுவாக. பிறகு சுருட்டத் தொடங்கினார்.

அவர் அத்தனை அக்கறையாகப் படித்ததற்கு இன்னொரு காரணம் வீட்டில் இருந்தது. அமிர்தத்தின் இரண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடந்தது. வெயிலில் குனிந்தே கிடந்த கண்கள். ஐம்பது வயது ஆகுமுன்பே நெல்லும் பதரும் தெரியாமல் போனது. மாதா கோயில் விளக்கெண்ணெயைக் கண்ணில் விடச் சொன்னார்கள், விட்டார். எரிச்சல்தான் மிச்சம். நடவுக்குக் கூப்பிடுவது நின்று, எருமுட்டை தட்டும் வேலையும் நின்று, இப்போது சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெளுத்துப்போவதுதான், அதை எடுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே போகும் என்று சூசைநாதனுக்குத் தெரியும். ஆனால் அறுவைக்கு முன் ஒன்றைப் பார்ப்பார்கள். இருட்டில் வைத்து நான்கு பக்கமிருந்தும் விளக்கு காட்டுவார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று விரல் நீட்டிச் சொல்லவேண்டும். சொன்னால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு உயிரோடு இருக்கிறது. சொல்லாவிட்டால் அறுத்தும் பயனில்லை.

முகாமுக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது அவர் அக்காவை வீட்டுக்குள் உட்காரவைத்து, அரிக்கேனை எடுத்துச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்கக்கா?"

"தோ, இங்க."

"இப்போ?"

"கதவாண்ட. இன்னாடா இது, சின்னப் புள்ள கண்ணாமூச்சி மாதிரி?"

"இப்போ?"

"தலைக்கு மேல. தூக்கிக்கினு நிக்காத, எண்ணெய் ஊத்திடும்." அமிர்தம் சிரித்தார். எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் விரல் தப்பாமல் விளக்கின் பின்னால் போனது. சூசைநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒரு காரியம் முடிந்தால் போதும், அக்காவுக்குப் பட்ட கடனில் கொஞ்சமாவது தீரும் என்று நினைத்தார்.

"நாளைக்கு டாக்டரு கேக்கறப்போ இப்படியே சொல்லணும்."

"நீ பக்கத்துல இருப்ப இல்ல? அப்புறம் இன்னா?" என்றார் அமிர்தம்.

மறுநாள் பள்ளிக்கூடத்து நீளக் கூடத்தில் சன்னல்களை எல்லாம் கோணி போட்டு மறைத்திருந்தார்கள். உள்ளே அரையிருட்டு. நடுவில் டாக்டருக்கு ஒரு முக்காலி, எதிரில் நோயாளிக்கு ஒன்று. பக்கத்தில் சூசைநாதன், வெளுத்து மடிப்புக் கலையாத உடுப்போடு. டாக்டர் இளம் வயதுக்காரர், சுறுசுறுப்பானவர். நோயாளியைத் தவிர வேறு யாரும் உள்ளே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் பஸ்ஸும் மதியச் சோறும் பலராமன் உபயம். ஆகவே பலராமன் உள்ளே இருந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே கை வைத்த நாற்காலியைக் கொண்டுவந்து டாக்டருக்கு வலப்பக்கமாகப் போட்டுக்கொண்டு, விசிறியால் வீசியபடி வேடிக்கை பார்த்தார். நடுநடுவே, "நம்ம கம்பவுண்டர் எப்படி? நான்தான் வேணும்னு சொல்லி வச்சிருக்கேன்" என்று டாக்டரிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

அது பாதி உண்மைதான். நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று கேட்டு வந்த கடிதத்துக்குக் கொம்யூன் இன்னும் பதில் எழுதவில்லை. எழுதும் கை அவருடையது.

காலை முழுவதும் சூசைநாதன் பிரமாதமாகப் பேசினார். வாட்டரி ஐஸ் வந்தது, பிளட்ஷாட் ஐஸ் வந்தது. ஒரு கிழவர் எதையும் பார்க்காமல் வெறித்தபோது, "பிளாங்க் ஸ்டேர், சார்" என்று அவரே முந்திச் சொன்னார். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "குட்" என்றார். தேறியவர்களுக்கு எந்தக் கண்ணில் அறுவையோ அந்தக் கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டுவது சூசைநாதன் வேலை. பிளாஸ்திரி ஒட்டியவர்கள் புளியமரத்து நிழலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

அமிர்தத்தின் முறை வந்தது. பக்கத்து வீட்டு ராமாயி கைப்பிடித்துக் கொண்டுவந்து வாசலில் விட்டார். தம்பியின் குரல் கேட்ட திசையைப் பார்த்து அமிர்தம் சிரித்துக்கொண்டே வந்தார். தலை நிமிர்ந்திருந்தது. முக்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

சூசைநாதன் டாக்டரிடம் அவருடைய பெயரைச் சொன்னார். வயது சொன்னார். என் அக்கா என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பின்னால் தன்னைத்தானே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டார். கிழிந்து ஒட்டுப்போட்ட சேலை. எருவின் வாசம். எதிரில் மடிப்புக் கலையாத தன் உடுப்பு. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

"நேரா பாருங்க" என்றார் அக்காவிடம். பிறந்ததிலிருந்து அவரிடம் அப்படி மரியாதை போட்டுப் பேசியதில்லை.

அமிர்தத்தின் சிரிப்பில் ஒரு சின்னத் திகைப்பு வந்தது. அதே நேரத்தில் வலப்பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

"யாரு, நம்ம பண்ணை அமிர்தமா? கண்ணு அவிஞ்சா போச்சி உனக்கு?"

அந்தக் குரல் கேட்டதும் அமிர்தம் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஆண்டை எதிரில் உட்காருவதாவது? டாக்டர் தோளைத் தொட்டு மறுபடி உட்காரவைத்தார். உட்கார்ந்தார், ஆனால் பாதிதான் உட்கார்ந்தார். தலை தொங்கிவிட்டது. டாக்டர் ஒரு விரலால் முகவாயைத் தூக்கினார். முகவாய் மேலே வந்தது. கண்கள் வரவில்லை.

டாக்டர் ஒரு கண்ணைப் பொத்தி, டார்ச்சை இடப்பக்கம் காட்டினார். அமிர்தம் அந்தப் பக்கம் விரல் நீட்டினார். மேலே காட்டினார், மேலே நீட்டினார். கீழே, கீழே. பிறகு டார்ச்சைத் தம் வலப்பக்கத்துக்குக் கொண்டுபோனார். அங்கே வெளிச்சத்துக்கு நேர் பின்னால் பலராமன் உட்கார்ந்திருந்தார்.

அமிர்தத்தின் கை மடியிலிருந்து எழுந்தது. பாதி வழி வந்தது. நின்றது. மடிக்கே திரும்பிப் போயிற்று.

டாக்டர் மறுபடி காட்டினார். கை அசையவில்லை. அடுத்த கண்ணைப் பொத்தி அதையே செய்தார். மூன்று பக்கம் விரல் நீண்டது. அந்தப் பக்கம் நீளவில்லை.

"தெரியுதான்னு கேளுங்க" என்றார் டாக்டர் ஆங்கிலத்தில்.

"வெளிச்சம் தெரியுதா?" சூசைநாதனின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"தெரியலீங்க" என்றார் அமிர்தம் தரையைப் பார்த்து.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருட்டு என்றால் கோளாறு கண்ணில் இல்லை, நரம்பில், மூளையில் என்றார். புரையை எடுத்துப் புண்ணியமில்லை. ஆனால் அவருக்குச் சந்தேகம் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டுச் சூசைநாதனிடம் திரும்பி, "நிச்சயமாகத் தெரியவில்லையா? அல்லது கேள்வி புரியவில்லையா?" என்று கேட்டார்.

சொல்வதற்குச் சொல் இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. டவுன்காஸ்ட் ஐஸ், சார். இது குருடு இல்லை. இவர் என் அக்கா. நேற்று சாயங்காலம் என் வீட்டில் விளக்கு போன பக்கமெல்லாம் விரல் நீட்டினார். இங்கே நீட்டாததற்குக் காரணம் உங்கள் வலப்பக்கத்தில் விசிறிக்கொண்டிருக்கிறது. அந்த நாற்காலியை எடுத்து வெளியே போடச் சொல்லுங்கள், இந்தக் கண்களுக்கு எல்லாம் தெரியும்.

இதில் கடினமான ஆங்கிலம் ஒன்றுமில்லை. முத்துசாமி வாத்தியாருக்கு ஒரு மாத்திரைக்குக்கூடக் காணாது.

சூசைநாதன் டாக்டரின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தார். ஓரக்கண்ணில் விசிறி ஆடிக்கொண்டிருந்தது.

"ஷீ கேனாட் சீ, சார்" என்றார்.

"பாவம். ஆண்டவன் விட்ட வழி" என்றார் பலராமன். ஆண்டவன் அந்த அறையில் இல்லை. ஒரு நாற்காலிதான் இருந்தது.

அமிர்தம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனார். நெற்றி வெறுமையாக இருந்தது.

அடுத்து வந்தவர் பனித்திட்டு என்ற கடலோர ஊரின் சிந்தாமணி. தலையில் மீன்கூடையோடு கிராமம் கிராமமாக நடந்து விற்கிற பெண்மணி; ஒரு கண்ணில்தான் புரை. அவர் யாருக்கும் கண் தாழ்த்தியவர் இல்லை, பேரம் பேசுகிறவர்கள்தான் அவருக்குத் தாழ்த்துவார்கள். முக்காலியில் அகலமாக உட்கார்ந்து, "சீக்கிரம் பாருய்யா டாக்டரு, கூடைய நாய் மோந்துக்கினு நிக்கிது" என்றார். டார்ச் சுற்றி வந்தது. வலப்பக்கம் போனதும் சிந்தாமணி கையை நீட்டினார். விரல் பலராமனின் மூக்குக்கு நேராக நின்றது.

"தோ, அந்த தொந்திக்காரரு பக்கம். அவரு யாரு? வெலை கேட்டுட்டு வாங்காம போற ஆளா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். விவரம் புரியாவிட்டாலும் டாக்டரும் சிரித்தார். பலராமன்கூட வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினார். நாற்காலியைப் பார்த்து விரல் நீட்டினால் அவ்வளவுதான் நடக்கும் என்று சூசைநாதன் அன்றுதான் பார்த்தார். ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஆனால் சிந்தாமணிக்குச் சோறு போடுவது கடல். அமிர்தத்துக்குச் சோறு போட்டது அந்த விசிறிக்காரரின் வயல். விரலுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. சூசைநாதன் சிந்தாமணியின் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டினார். அது கோணலாக ஒட்டிக்கொண்டது.

மாலையில் பஸ் போன பிறகு அக்காவும் தம்பியும் வரப்பில் நடந்தார்கள். அமிர்தம் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நீ நல்லா இங்கிலீசு பேசினடா. வெள்ளக்காரன் மாதிரியே. ராமாயி சொல்லிச்சி, வாசல்ல நின்ன அல்லாரும் வாயப் பொளந்துக்கினு கேட்டாங்களாம்."

சூசைநாதன் நடையை வேகமாக்கினார்.

"வருத்தப்படாத. எனக்கு வெளிச்சம் தெரிஞ்சிதுடா. ஆனா ஆண்டை இல்ல அங்க உக்காந்திருந்தாரு? அவரு மூஞ்சிக்கு நேரா வெரல நீட்ட முடியுமா? நாளைக்கு உன் வேலைக்கு ஏதாவது ஆச்சின்னா?" கொஞ்ச தூரம் நடந்தார். "நீ சொல்லுவேன்னு நெனச்சேன். அப்புறம் நீயும் அதத்தான் நெனச்சிருப்பேன்னு உட்டுட்டேன்."

குற்றம் சொல்லும் குரலில் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

அடுத்த வாரமே கொம்யூனிலிருந்து ஆள் வந்து, நிரந்தரம் ஆகிவிட்டது, பலராமன் ஐயா சிபாரிசு என்று சொல்லிவிட்டுப் போனார். முத்துசாமி வாத்தியார் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்த டாக்டர் உங்களப் பத்தி ரொம்ப நல்லா சொன்னாராமே! எந்த ஜோடிய எல்லாம் பயன்படுத்தினீங்க?"

"ஒண்ண மட்டும் உட்டுட்டேன் சார்" என்றார் சூசைநாதன். வாத்தியார் எது என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டார். அன்று மாலை பாடமில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவை அழைத்துக்கொண்டு பட்டணத்துப் பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரை வராந்தாவில் பிடித்தார். டாக்டருக்கு அடையாளம் தெரிந்தது. "பிளாங்க் ஸ்டேர்!" என்று சிரித்தார். சூசைநாதன் சிரிக்கவில்லை. இந்தப் பெண்மணியை மறுபடி பாருங்கள் என்றார். இவரைத்தான் பார்த்தாயிற்றே, நரம்பு போய்விட்டதே என்றார் டாக்டர்.

"நோ சார். டவுன்காஸ்ட் ஐஸ்" என்றார் சூசைநாதன். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் பாதிப் பிரெஞ்சையும் போட்டுச் சொன்னார். அந்த நாற்காலி. அதில் இருந்தவர். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் கண்ணைத் தூக்குவதில்லை, விரலை நீட்டுவதே இல்லை.

டாக்டர் அமிர்தத்தை உள் அறைக்கு அழைத்துப்போனார். நாற்காலி எதுவும் இல்லாத இருட்டு அறை. டார்ச்சைச் சுற்றினார். விரல் நான்கு பக்கமும் நீண்டது. டாக்டர் மறுபடி சுற்றினார், வேகமாக. விரலும் வேகமாகப் போயிற்று. "இந்த ஐயா உன்ன மாதிரியே வெளாடறாருடா" என்றார் அமிர்தம்.

டாக்டர் டார்ச்சை அணைத்தார். "உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா?" என்று கேட்டார்.

"எஸ் சார்."

"இவர் உங்கள் ஊரா?"

"மை சிஸ்டர், சார்."

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முறைக்கவில்லை. வெறிக்கவும் இல்லை. வாத்தியார் சொல்லிக்கொடுத்த ஜோடிகளில் எதிலும் அந்தப் பார்வை அடங்கவில்லை. "என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். சூசைநாதன் முயன்று பார்த்தார். பொத்தானிலிருந்து காலர் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. டாக்டரும் அதற்கு மேல் கேட்கவில்லை. திரும்பி, பிளாஸ்திரியை அவரே கிழித்து அமிர்தத்தின் நெற்றியில் ஒட்டினார்.

ஒரு கண்ணில் அறுவை ஆயிற்று. கட்டுப் பிரித்து, கனமான கண்ணாடி கொடுத்து அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: இன்னும் கொஞ்ச காலத்துக்குத் தலை குனியவே கூடாது. குனிந்தால் உள்ளே தையல் விட்டுவிடும், கண் போய்விடும். சூசைநாதன் அதைத் தமிழில் சொன்னார். "எதுக்காகவும் குனியக் கூடாதாம்க்கா."

"எதுக்காகவுமா?" என்றார் அமிர்தம்.

பஸ்ஸிலிருந்து இறங்கிச் சேரிக்குப் போகும் வழி பலராமன் வீட்டு முன்பாகத்தான் போகிறது. பலராமன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அமிர்தம் தம்பியின் தோளில் ஒரு கை வைத்து, கண்ணாடி போட்ட முகத்தை நேராக வைத்துக்கொண்டு, தலையில் நீர்க்குடம் சுமப்பவர்போல நிதானமாக நடந்துவந்தார். ஊருக்குள் அவர் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.

"இன்னாடி அமிர்தம், தலை ரொம்ப நிமிந்துடுச்சி?" என்றார் பலராமன்.

அமிர்தம் நின்றார். புதுக் கண்ணால் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். இத்தனை காலம் அந்தப் பண்ணையில் உழைத்தும் அந்த முகத்தை அவர் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"டாக்டரு குனியக் கூடாதுன்னு சொல்லிட்டாருங்க. குனிஞ்சா கண்ணு போயிடுமாம்" என்றார். பயமோ மிடுக்கோ இல்லாமல், உள்ளதைச் சொன்னார். பலராமன் மூக்குப்பொடி டப்பியைத் தேடினார்.

பண்ணை வீட்டுச் சுவர் முடிகிற இடத்தில் அமிர்தம் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தலை அசைந்துவிடக் கூடாது என்ற பயத்தில் உடம்போடு திரும்பினார். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண் பெரியதாக, ஈரமாக, மிகவும் தெளிவாக இருந்தது. தம்பி வளர்ந்து ஆளான முகத்தை இத்தனை கிட்டத்தில் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் முகம் கிடைக்கவில்லை. உச்சந்தலைதான் தெரிந்தது. சூசைநாதன் பலராமன் வீடு வந்ததிலிருந்தே மண்ணைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தார்.

"நீ ஏண்டா குனிஞ்சிக்கினு வர?" என்றார் அமிர்தம்.

"கல்லு கெடக்குதுக்கா. பாத்து வா" என்றார் சூசைநாதன்.

அமிர்தம் வழியைப் பார்த்தார். நேற்றைய மழையில் நனைந்து கிடந்த வெறும் செம்மண். கல் எதுவும் இல்லை. அவர் தம்பியின் தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டு தானாகவே நடந்தார்.